சுங்கத் தாளில் உண்மை: பயிருக்கு முதல் வேலி

சுங்க இலாகா என்றதும் உழவர்களின் நினைவுக்கு வருவது தங்கமும் வெளிநாட்டுச் சாமான்களும்தான். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நடைபெறும் சோதனை வியாபாரிகளையும் பயணிகளையும் பொறுத்த விஷயம், ஏர் பிடிப்பவருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் சரியன்று.

கப்பலிலோ, விமானத்திலோ, தபாலிலோ நாட்டுக்குள் வரும் சரக்கு எதுவானாலும் அதைப்பற்றி ஓர் அறிவிப்பு கொடுக்கப்பட வேண்டும். இன்ன பொருள், இவ்வளவு, இன்ன விலை, இன்ன நாட்டில் விளைந்தது என்பவை அந்த அறிவிப்பின் முக்கியமான நான்கு செய்திகள். இவை நான்கும் மெய்யாக இருந்தால் பயிருக்கும் விளைபொருள் விலைக்கும் அதுவே வேலி. ஒன்று பொய்யானாலும் வேலியில் ஓட்டை விழுகிறது. ஓட்டை விழுவது துறைமுகத்தில் என்றாலும், அதன் வழியே நுழைந்தது வந்து மேய்வது உழவரின் நிலத்தில்தான்.

கோவையில் கண்ட வெள்ளைப் படலம்

2008-ஆம் ஆண்டில் கோயமுத்தூர் பகுதியில் பப்பாளி மரங்களின் மீது வெள்ளை மாவு தூவியதுபோல ஒரு பூச்சி காணப்பட்டது. முதலில் இதை வழக்கமாக வரும் மாவுப்பூச்சி என்றே உழவர்கள் கருதினர். மருந்து அடித்தனர். மேலே மெழுகுப் படலம் இருந்ததால் மருந்து உள்ளே இறங்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாவட்டங்களில் பப்பாளி மட்டுமன்றி மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி என்று ஒன்றன்பின் ஒன்றாக இதற்கு இரையாயின. பப்பைன் பால் எடுக்கும் பப்பாளித் தோட்டங்கள் பாழாயின. மல்பெரி இலை கிடைக்காமல் பட்டுப்புழு வளர்ப்போர் தவித்தனர்.

இப்பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் அதையொட்டிய நடு அமெரிக்க நாடுகளும் ஆகும். இது பறந்து கடல் தாண்டக்கூடிய பூச்சியன்று. பெண் பூச்சிக்குச் சிறகே கிடையாது. செடி, குச்சி, பழம் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு மனிதர் கையால்தான் தூர தேசம் போய்ச் சேருகிறது. ஒரு கடுகளவு முட்டைப் பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் அடங்கிவிடும். இலையின் அடியில் அப்படி ஒரு பை ஒட்டியிருந்தால் அதை எவர் கண்டார்?

பூச்சியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இருக்கிறார்கள். ஆனால் பெட்டிக்குள் செடி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர்களால் பார்க்க முடியும். செடி இருக்கிறது என்பதைத் தெரிவிப்பதே சுங்க அறிவிப்பின் வேலை.

அறிவிப்பு என்பது என்ன?

வியாபாரச் சரக்கு கப்பலில் வந்தால், அதை வரவழைத்தவர் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி 'பில் ஆஃப் என்ட்ரி' எனப்படும் பதிவுச் சீட்டைத் தாக்கல் செய்ய வேண்டும். இப்போது இது கம்ப்யூட்டர் மூலமாகவே நடைபெறுகிறது. பெரும்பாலும் கிளியரிங் ஏஜெண்டுகள் இதைச் செய்து கொடுக்கிறார்கள். இருப்பினும், எழுதியவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி சரக்கை வரவழைத்தவருடையது. 'ஏஜெண்டு எழுதினார், எனக்குத் தெரியாது' என்று சொல்லி அவர் நழுவிவிட முடியாது.

பயணிகளுக்கும் இதே சட்டம் உண்டு. தம்முடைய பெட்டியில் உள்ளதைப் பற்றி அதிகாரியிடம் உண்மை சொல்லும் கடமை பயணியைச் சேர்ந்தது. அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்கள் சிவப்பு வழியிலும், ஏதும் இல்லாதவர்கள் பச்சை வழியிலும் வெளியேற வேண்டும். பச்சை வழியில் நடந்து போவதே 'என்னிடம் ஏதும் இல்லை' என்று சொல்வதற்குச் சமம் என்பதைப் பலரும் அறியார். விதை, செடி, பழம், பூ, நடவுக் குச்சி ஆகியவையும் அறிவிக்க வேண்டிய பொருள்களே.

தபாலில் வரும் பொட்டலத்தின் மீது அனுப்பியவர் ஒரு சுங்கச் சீட்டு ஒட்டியிருப்பார். உள்ளே இருப்பது என்ன, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சீட்டே அப்பொட்டலத்துக்கான அறிவிப்பு.

பொருளின் பெயர்: நகை என்ற பெயரில் வந்த விதை

பெயரை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 2020-இல் நடந்த நிகழ்ச்சி நல்ல சான்று. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவில் ஏராளமானோருக்குக் கேட்காமலேயே தபாலில் சிறு பொட்டலங்கள் வந்தன. மேலே ஒட்டிய சீட்டில் நகை, பொம்மை என்பன போன்ற பெயர்கள் இருந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே விதைகள். பல பொட்டலங்களில் சீன நாட்டு முகவரி காணப்பட்டது.

அமெரிக்க வேளாண்மைத் துறையினர் அவற்றைச் சேகரித்துப் பார்த்தபோது கடுகு, முட்டைக்கோஸ், புதினா, செம்பருத்தி, ரோஜா எனப் பல வகை விதைகள் இருந்தன. ஆன்லைன் வியாபாரிகள் சிலர் விற்பனை அதிகம் நடந்ததாகக் காட்டிக்கொள்ள மலிவான பொருளை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பிய தந்திரமாகவே இது பெரும்பாலும் தோன்றியது. அதே ஆகஸ்டில் இந்திய வேளாண் அமைச்சகமும் மாநிலங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் எச்சரித்தது.

அனுப்பியவரின் நோக்கம் பயிரைக் கெடுப்பதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் விதைக்கு நோக்கம் தெரியாது. விதையின் உள்ளே நச்சுயிரி இருந்தால் அது முளைக்கும்போது கூடவே வரும். களை விதை கலந்திருந்தால் அதுவும் முளைக்கும். 'விதை' என்று சீட்டில் எழுதியிருந்தால் அப்பொட்டலம் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையத்துக்குப் போயிருக்கும். 'நகை' என்று எழுதியதால் நேரே வீட்டு வாசலுக்கு வந்தது. ஒரே ஒரு சொல்லில்தான் வேறுபாடு.

பெயரோடு பயனும் சரியாகச் சொல்லப்பட வேண்டும். உண்பதற்காக வரும் பயறும் விதைப்பதற்காக வரும் பயறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னது அரவை ஆலைக்கும் அடுப்புக்கும் போகும்; பின்னது மண்ணுக்குள் போகும். எனவே விதைக்கான விதிகள் கடுமையானவை. உணவு என்று சொல்லிக் கொண்டுவந்து விதையாக விற்பது, சோதனையைத் தாண்டிக் குதிப்பதற்கு ஒப்பாகும்.

பொய் சொல்லாவிட்டாலும் தவறு நேரலாம்

அறிவிப்பு நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. துல்லியமாகவும் இருக்க வேண்டும். பார்த்தீனியக் களையை அறியாத உழவர் இன்று இல்லை. சாலையோரம், தரிசு, வரப்பு என்று எங்கும் பரவி, தொட்டவருக்கு அரிப்பையும் மூச்சுத் திணறலையும் கொடுக்கும் இக்களை 1950-களின் நடுவில் புனே நகரில் கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த உணவுத் தானியத்தில் கலந்து வந்ததாகவே கருதப்படுகிறது. 'கோதுமை' என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. மூட்டையில் இருந்தது கோதுமைதான். ஆனால் அதில் கலந்திருந்த, கண்ணுக்கு எளிதில் தென்படாத களை விதை எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு விதிகள் இறுகின. 1914-ஆம் ஆண்டுப் பூச்சி நோய்ச் சட்டத்தின் கீழ் 2003-இல் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை வெளியிடப்பட்டு, 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி விதை, செடி, கன்று, கிழங்கு ஆகியவற்றைக் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெறவேண்டும். அனுப்பும் நாட்டின் அரசு 'பைட்டோசானிடரி' எனப்படும் தாவர நலச் சான்று வழங்கவேண்டும். பல சரக்குகளுக்கு இன்ன பூச்சி இல்லை, இன்ன நோய் இல்லை என்று பெயர் சொல்லிச் சான்றில் குறிக்கவும் வேண்டும். வேரோடு மண் வரக்கூடாது. ஆபத்தான களைகளின் பட்டியலும் இந்த ஆணையில் இருக்கிறது. பார்த்தீனியம் போல இன்னொன்று நுழையாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

பார்த்தீனியத்தைப் பற்றி மேலும் ஒரு செய்தி: கோவையில் 2008-இல் வந்த பப்பாளி மாவுப்பூச்சி இக்களையின் மீதும் குடியேறி வாழ்கிறது. முன்பு அறிவிப்பில்லாமல் வந்த ஒன்று, பிற்பாடு அறிவிப்பில்லாமல் வந்த மற்றொன்றுக்கு வரப்பிலேயே இடம் கொடுத்தது.

விளைந்த நாடு: மிளகுக் கொடிக்கு வந்த சோதனை

இனி விலை பற்றிய பக்கத்தைப் பார்ப்போம். கொல்லிமலை, ஏற்காடு, கீழ்ப்பழனி மலை, நீலகிரி, கன்னியாகுமரிப் பகுதிகளில் சில்வர் ஓக் மரத்திலோ பலா மரத்திலோ மிளகுக் கொடி ஏற்றி வாழும் சிறு உழவர்கள் பலர் உண்டு. அவர்கள் மிளகுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது கப்பலில் வரும் மிளகின் தாளையும் பொறுத்தது.

உலகில் மிளகு மிக அதிகமாக விளையும் நாடு வியட்நாம். அங்கே விளைச்சல் மிகும்போது விலை சரியும். நம் நாடு மிளகு இறக்குமதிக்கு விதித்திருந்த பொதுவான வரி 2017-இல் 70 சதவீதம். ஆனால் இலங்கையுடன் 1998-இல் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த வாணிப ஒப்பந்தத்தின்படி, இலங்கையில் விளைந்த மிளகுக்கு வரிச் சலுகை உண்டு. இலங்கை உழவருக்குக் கிடைக்க வேண்டிய அந்தச் சலுகையை, வேறு நாட்டு மிளகுக்கு இலங்கைப் பெயர் சூட்டிப் பெறுவது மோசடி. இப்படி நடப்பதாக மிளகு விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தனர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிதில் புரியும். கிலோ 500 ரூபாய் மதிப்புள்ள மிளகுக்கு 70 சதவீத வரி 350 ரூபாய். அதைச் சேர்த்தால் அடக்க விலை 850 ரூபாய். அதே மிளகு வேறொரு நாட்டின் பெயரில் வரியில்லாமல் நுழைந்தால் அடக்கம் 500 ரூபாய்தான். இடையில் உள்ள 350 ரூபாய் அரசாங்கத்துக்கும் போகவில்லை. உண்பவருக்கும் முழுமையாகப் போகவில்லை. பொய் எழுதியவர் அதில் பெரும்பங்கை வைத்துக்கொண்டு, சிறிது குறைத்து விற்றாலும் சந்தை விலை சரிந்துவிடும். அப்போது மலையிலிருந்து மிளகு மூட்டையை இறக்கிக்கொண்டு வருபவர், 'இறக்குமதி மிளகு மலிவாகக் கிடைக்கிறது' என்ற ஒரே பதிலைத்தான் கடையில் கேட்பார்.

இந்த ஓட்டையை அடைப்பதற்காக 2020 செப்டம்பர் முதல் புதிய விதிகள் வந்தன. ஒப்பந்தச் சலுகை கேட்பவர் அயல்நாட்டுச் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. சரக்கு அந்நாட்டில்தான் விளைந்தது என்பதற்கான விவரங்களைத் தாமே வைத்திருந்து, கேட்கும்போது காட்டவேண்டும். சான்றில் ஐயம் எழுந்தால் சுங்க அதிகாரிகள் அந்நாட்டிடமே விசாரிக்கலாம்.

விலை: குறைத்தாலும் பொய், கூட்டினாலும் பொய்

விலையைக் குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். 500 ரூபாய் மிளகை 300 ரூபாய் என்று எழுதினால் வரி 350-க்குப் பதில் 210 ரூபாய்தான் ஆகும். இதைத் தடுக்க மத்திய அரசு 2017 டிசம்பரில் மிளகுக்கு கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது. அதற்குக் கீழான விலையில் மிளகு இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்துவதே இதன் நோக்கம். பாக்குக்கும் இவ்வாறே குறைந்தபட்ச விலை உண்டு. 2023 பிப்ரவரியில் அது கிலோ 351 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இத்தகைய தரை விலை வந்த பிறகு, பொய்யும் வேறு பக்கம் திரும்புகிறது. 350 ரூபாய்க்கு வாங்கிய மிளகை 500 ரூபாய் என்று உயர்த்தி எழுதினால் தரை விலையைத் தாண்டிவிடலாம். வரிச் சலுகையும் இருந்துவிட்டால் உயர்த்தி எழுதுவதில் செலவும் இல்லை. ஆகவே தரை விலை எவ்வளவு உயரமானாலும், தாளில் எழுதுவது மெய்யாக இல்லாவிடில் அது உழவரைக் காக்காது. உண்மை விலை, உண்மை நாடு ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் வேலி நிற்கும்.

இறக்குமதி செய்வது குற்றமன்று. நாட்டில் பற்றாத பொருள் வரத்தான் வேண்டும். உண்மையை எழுதி, முழு வரியும் கட்டி வரவழைக்கும் வியாபாரி, பொய் எழுதுபவருடன் போட்டியிட முடியாமல் உழவரைப் போலவே நஷ்டப்படுகிறார்.

பாசத்தோடு வரும் பொட்டலம்

பெரிய வியாபாரிகளின் பொய்யை உழவர் நேரே தடுக்க முடியாது. ஆனால் உழவர் வீட்டுக்கே வரும் பொய் ஒன்று உண்டு. அது பாசத்தோடு வருகிறது.

வளைகுடா நாட்டிலோ, மலேசியாவிலோ, சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் மகனும் மருமகனும் ஊருக்கு வரும்போது, 'அங்கே இருக்கிற அந்தப் பழத்தில் ஒரு கன்று கொண்டு வா' என்று கேட்பது உண்டு. அவரும் பேரீச்சைக் கன்றையோ, ரம்புத்தான் விதையையோ, டிராகன் பழக் குச்சியையோ துணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவருகிறார். திருட்டுத்தனம் செய்வதாக அவரும் நினைப்பதில்லை, கேட்டவரும் நினைப்பதில்லை. ஒரே ஒரு குச்சிதானே என்பது அவர்கள் எண்ணம்.

ஒரு குச்சி என்ன செய்யும் என்பதற்கு வாழையே சாட்சி. வாழையின் முடிக்கொத்து நோய் 1940-ஆம் ஆண்டு வாக்கில் இலங்கையிலிருந்து கேரளப் பகுதிக்கு வந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இந்நோயைத் தூர இடங்களுக்குக் கொண்டு செல்வது கன்று. பக்கத்து மரங்களுக்குப் பரப்புவது வாழை அசுவினி. கன்று நடும்போது பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நச்சுயிரி உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிற்கும்போதுதான் தெரியும். அதற்குள் அசுவினி தன் வேலையை முடித்திருக்கும். கீழ்ப்பழனி மலையில் மணக்க மணக்க விளைந்த விருப்பாட்சி வாழை இந்த நோயால் பட்ட பாட்டை அங்குள்ள உழவர்கள் மறக்கமாட்டார்கள்.

நீலகிரி உருளைக்கிழங்கின் கதையும் இதுவே. 1961-இல் உதகையில் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது கண்டறியப்பட்டது. இதன் தாயகம் தென் அமெரிக்கா. நூற்புழுவின் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இதன் விளைவாக நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போவதற்குத் தடை விதிக்கப்பட்டது. எந்தக் கிழங்கோடு, எந்த மண்ணோடு வந்ததோ, அதைக் கொண்டுவந்தவர் என்றோ போய்விட்டார். தடையைச் சுமப்பவர் இன்றைய உழவர்.

தாளோடு வந்த குளவி

பப்பாளி மாவுப்பூச்சியின் கதை எப்படி முடிந்தது என்பதையும் உழவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பூச்சி தன் தாயகத்தில் இவ்வளவு பெருகுவதில்லை. அங்கே அதைத் தின்று அடக்கும் நுண்ணிய குளவிகள் உள்ளன. இங்கே வந்தபோது பூச்சி மட்டும் வந்தது, எதிரி வரவில்லை.

எனவே பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகள் பற்றிய தேசிய நிலையம் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியுடன் 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து 3 வகைக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் 'அசிரோபேகஸ் பப்பாயே' என்ற குளவியே மிகச் சிறப்பாக வேலை செய்தது. ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே மாவுப்பூச்சியைத் தின்றுவிடும்.

இந்தக் குளவிகள் எப்படி வந்தன? இறக்குமதி அனுமதி பெற்று, இன்ன உயிர், இன்ன நாட்டிலிருந்து, இன்ன நோக்கத்துக்காக என்று எழுதி வந்தன. வந்தவுடன் வயலில் விடப்படவில்லை. தனிக் காவலில் வைத்து, பட்டுப்புழு, தேனீ போன்ற நன்மை தரும் உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். அதன் பிறகே வெளியே விட அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி மாவட்டந்தோறும் வழங்கியது. மருந்துக்கு அடங்காத பூச்சி சில மாதங்களில் அடங்கத் தொடங்கியது.

மரவள்ளியிலும் இதேபோல் நடந்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகக் காணப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் வட்டாரத்து மரவள்ளித் தோட்டங்களிலும் நுனி சுருண்டு செடிகள் குட்டையாகின. ஜவ்வரிசி ஆலைகளை நம்பியிருந்த உழவர்கள் கலங்கினர். ஆப்பிரிக்காவில் இப்பூச்சியை 1980-களில் அடக்கிய 'அனாகிரஸ் லோபெசி' என்ற குளவியை பெனின் நாட்டிலிருந்து 2021-இல் முறைப்படி வரவழைத்து, தனிக் காவலில் சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் முதலில் வெளியிட்டார்கள்.

நன்மை செய்யவந்த குளவிக்கே இத்தனை தாள்களும் இத்தனை சோதனைகளும் தேவைப்பட்டன. தீமை செய்த பூச்சியோ ஒரு தாளும் இல்லாமல் நுழைந்தது. இந்த வேறுபாட்டை உழவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

உண்மை சொன்னால் என்ன ஆகும்?

விதையையோ செடியையோ தெரியாமல் கொண்டுவந்துவிட்ட பயணி, விமான நிலையத்தில் சிவப்பு வழிக்குச் சென்று உள்ளதைச் சொல்லலாம். தொற்றுத் தடுப்பு அலுவலர் பார்ப்பார். அனுமதியும் சான்றும் இல்லாவிட்டால் செடி கையைவிட்டுப் போகும், அழிக்கவும் படலாம். ஆனால் மறைத்துக்கொண்டு பச்சை வழியில் போய் அகப்பட்டால் பொருள் பறிமுதல் ஆவதோடு அபராதமும் வரும். வியாபாரச் சரக்கில் தெரிந்தே பொய்யான தாள் கொடுத்தவருக்குச் சரக்கு மதிப்பின் 5 மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. போகட்டும், அகப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் குச்சியை நடப்போவது யார் நிலத்தில்? சொந்த நிலத்தில்தான். நோய் முதலில் பிடிப்பதும் அந்த நிலத்தைத்தான்.

உழவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் விதை, கன்று, குச்சி, கிழங்கு ஆகியவற்றைக் கேட்கக்கூடாது. அவர்களாகக் கொண்டுவர விரும்பினாலும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

2. புதிய பயிர் அல்லது ரகத்தில் ஆர்வம் இருந்தால், முதலில் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, ஆராய்ச்சி நிலையத்திலோ, தோட்டக்கலை அலுவலகத்திலோ விசாரிக்க வேண்டும். அது ஏற்கெனவே முறைப்படி வந்து இங்கேயே கிடைக்கக்கூடும்.

3. கேட்காமல் தபாலில் விதை வந்தால் பிரிக்கவோ விதைக்கவோ கூடாது. குப்பையிலும் எருக்குழியிலும் போடக்கூடாது, அங்கேயே முளைத்துவிடும். உறையோடும் சீட்டோடும் அப்படியே வேளாண் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும்.

4. ஆன்லைனில் விதை வாங்கும்போது, விற்பவர் எந்த நாட்டிலிருந்து அனுப்புகிறார் என்று பார்க்க வேண்டும். 'சுங்கத்தில் பிரச்சினை வராது, வேறு பெயர் போட்டு அனுப்புகிறோம்' என்று சொல்பவரிடம் ஒருபோதும் வாங்கக்கூடாது.

5. வெளிநாட்டுக் கன்று என்று விற்கும் நர்சரியில் ரசீது கேட்க வேண்டும். இறக்குமதி அனுமதி, தாவர நலச் சான்று ஆகியவற்றின் நகலைக் காட்டச் சொல்ல வேண்டும். வந்த பின் குறிப்பிட்ட காலம் தனியே வைத்துக் கண்காணிக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். முறையாக வரவழைத்தவர் காட்டத் தயங்கமாட்டார்.

6. உள்ளூரிலும் இதே நேர்மை வேண்டும். மரவள்ளிக் குச்சியோ வாழைக்கன்றோ விற்கும்போது எந்தத் தோட்டத்தில் வெட்டியது, அங்கே என்ன பூச்சி நோய் இருந்தது என்பதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்குபவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

7. இதுவரை பாராத பூச்சியோ நோயோ தென்பட்டால் மருந்துக் கடைக்குப் போகும் முன் வேளாண் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டபடி மருந்து அடித்தால் நன்மை செய்யும் குளவிகளும் சேர்ந்து மடியும்.

8. மிளகு, பாக்கு பயிரிடுவோர் தத்தம் சங்கங்கள், உற்பத்தியாளர் நிறுவனங்கள் மூலம் இறக்குமதி விலை, விளைந்த நாடு ஆகியவற்றைக் கவனித்துவர வேண்டும். சந்தேகமான சரக்கு பற்றிய தகவல் கிடைத்தால் சுங்கத் துறைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஒருவர் எழுதுவதைவிடச் சங்கமாக எழுதுவது பலன் தரும்.

நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி போடும் உழவர், மாடு நுழையும் ஒரு சந்தைக்கூட விட்டுவைப்பதில்லை. நாட்டைச் சுற்றியுள்ள வேலி சுங்க அறிவிப்பில் எழுதப்படும் சில வரிகளால் ஆனது. அவ்வரிகளை எழுதுபவர் எங்கோ இருக்கும் வியாபாரியாகவும் இருக்கலாம். விடுமுறைக்கு வரும் சொந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம். முன்னவரைக் கண்காணிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். பின்னவரிடம், 'பெட்டியில் செடி எதுவும் வைக்காதே. வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடு' என்று ஊருக்குப் புறப்படுமுன் போனில் ஒரு வார்த்தை சொல்லவேண்டியது உழவர் குடும்பத்தின் பொறுப்பாகும்.